ஆசிரியர் இடுப்பில் துப்பாக்கி: 24 மணி நேரப் பயிற்சி எதற்குப் போதும், எதற்குப் போதாது

ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி பக்கம் புதிதாகக் குடியேறிய ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஊழியர்கள் சிலர் பள்ளிக்குள் துப்பாக்கி வைத்திருக்க நிர்வாகக் குழு அனுமதி கொடுத்திருப்பதாகப் பெற்றோருக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. "24 மணி நேரப் பயிற்சி என்கிறார்களே, அது போதுமா? போலீஸ் வேலைக்கு எடுப்பதுபோல ஓட்டம், கண் பரிசோதனை, மனநலப் பரிசோதனை எல்லாம் உண்டா?" என்பது கேள்வி. விதிகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பையனை நம்பி அனுப்பலாமா என்ற கவலை அந்த வரிகளில் தெரிகிறது. விதிகளைப் பற்றிச் சட்டத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். கவலைக்கு என் அனுபவத்தை வைத்து ஓரளவுதான் சொல்ல முடியும்.

நான் சி.ஆர்.பி.எஃப்-இல் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன். அதில் பெரும்பகுதி பயிற்சி மையத்தில் ஆயுதப் பயிற்றுநர் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஒஹாயோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரன் பேத்தி இங்கே பள்ளிக்குப் போகிறார்கள் என்பதால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கூர்ந்து படித்திருக்கிறேன். நான் பழக்கியது இருபது வயது ஜவான்களை, ஆசிரியர்களை அல்ல. நான் வக்கீலும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த 24 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பட்லர் கவுண்டியின் மேடிசன் பள்ளியில், 2016 பிப்ரவரியில் 14 வயது மாணவன் ஒருவன் உணவுக்கூடத்தில் சுட்டான். யாரும் சாகவில்லை, மாணவர்கள் காயமடைந்தார்கள். 2018-இல் அந்தப் பள்ளி மாவட்டம் ஊழியர்களுக்கு ஆயுத அனுமதி தர முடிவெடுத்தது. மூன்று நாள் பயிற்சி, மொத்தம் 26 மணி நேரம். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளியில் ஆயுதம் ஏந்துபவருக்குப் போலீஸ் அடிப்படைப் பயிற்சி, அதாவது 700 மணி நேரத்துக்கு மேல், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 வருடப் போலீஸ் அனுபவம் இருக்க வேண்டும் என்று அப்போதைய சட்டத்துக்கு நீதிமன்றம் பொருள் சொன்னது. ஆசிரியர் யாரும் 700 மணி நேரம் போய் உட்கார முடியாது. அதனால் சட்டமன்றம் சட்டத்தையே மாற்றிவிட்டது. 2022 ஜூனில் ஆளுநர் டிவைன் கையெழுத்திட்டு, செப்டம்பரில் அமலுக்கு வந்ததுதான் இப்போதுள்ள விதி.

அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மாநிலம் கட்டாயமாகக் கேட்கக்கூடிய ஆரம்பப் பயிற்சி 24 மணி நேரத்தை மிஞ்சக்கூடாது, வருடாந்தர மறுபயிற்சி 8 மணி நேரத்தை மிஞ்சக்கூடாது என்று அதில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இதற்குக் குறைந்தால் ஆபத்து என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல அது. ஆனால் உள்ளூர் பள்ளி மாவட்டம் விரும்பினால் கூடுதலாகக் கேட்கலாம், அதற்குத் தடையில்லை. இது உங்களுக்கு உதவும், கடைசியில் சொல்கிறேன். அந்த 24 மணி நேரத்துக்குள் துப்பாக்கிப் பயிற்சி, முதலுதவி, ஆத்திரத்தில் இருப்பவரைப் பேசித் தணிப்பது எல்லாம் வர வேண்டும். குறைந்தது 4 மணி நேரம் ஒத்திகைச் சூழலில் நடக்க வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனையை வருடாவருடம் செய்ய வேண்டும். அனுமதி கொடுத்திருப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். உங்களுக்கு அறிவிப்பு வந்தது அதனால்தான்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் ஆளுக்கொரு கணக்கு. ஃப்ளோரிடாவில், 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு வந்த 'கார்டியன்' திட்டத்தில் 144 மணி நேரம். அதில் 80 மணி நேரம் துப்பாக்கிப் பாடம். போதாததற்குக் குறிபார்த்துச் சுடுவது தனியாக 16, சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பயிற்சி சிமுலேட்டரில் 8, சட்டம் 12. சுடும் தேர்வில் 85 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. முதலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களை விலக்கி வைத்திருந்தார்கள், 2019-இல் அவர்களையும் சேர்த்தார்கள். டெக்சாஸில் பள்ளி மார்ஷல், அதாவது ஆயுதம் ஏந்த அனுமதி பெற்ற பள்ளி ஊழியர், ஆக 80 மணி நேரம், தெற்கு டகோட்டாவிலும் 80. நாஷ்வில்லின் கவனன்ட் பள்ளியில் 2023 மார்ச்சில் 6 பேர் இறந்ததற்குப் பிறகு, 2024-இல் டென்னசி போட்ட சட்டத்தில் 40 மணி நேரம். அங்கே யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரே வேலைக்கு 24, 40, 80, 144 என்று நாலு எண்கள். எது சரி என்று ஆராய்ந்து யாரும் முடிவு கட்டவில்லை. ஒவ்வொரு சட்டமன்றத்திலும் எது நிறைவேறியதோ அதுதான் எண்.

சரி, உடல் தகுதி. ஒஹாயோ போலீஸ் அகாடமியில் ஒன்றரை மைல் ஓட்டம், தண்டால், சிட்-அப் எல்லாம் உண்டு. ஆயுதம் ஏந்தும் ஆசிரியருக்கு அப்படி எதையும் ஒஹாயோ, ஃப்ளோரிடா, டெக்சாஸ் சட்டங்கள் கேட்கவில்லை. இதில் நான் உங்கள் அளவுக்குக் கவலைப்பட மாட்டேன். பள்ளி நடைபாதையில் யாரும் ஒன்றரை மைல் ஓடப்போவதில்லை. தவிர, இந்த ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் கொலைகாரனைத் துரத்துவது அல்ல, வகுப்பறைக் கதவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்பது.

நான் பார்ப்பது வேறு. கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 45 வயதைத் தாண்டியவருக்குக் கைத்துப்பாக்கியின் முன் குறி மங்கலாகத் தெரியும். புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டவர் அதைத் தெளிவாகப் பார்க்கத் தலையை நிமிர்த்திக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் வழியாகப் பார்ப்பார். ரேஞ்சில் நிதானமாக நிற்கும்போது பரவாயில்லை. அவசரத்தில் அந்த நிமிர்த்தல் வராது. அடுத்தது கைப்பிடி பலமும் முட்டியும். மேசைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து எழ முடியவேண்டும். கை நடுக்கம், மயக்கம் தரும் மாத்திரை, சர்க்கரை குறைந்து தடுமாறுவது போன்றவற்றை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை இன்னொருவன் பிடுங்க வந்தால் காப்பாற்றும் திறன். போலீஸ்காரர் மக்களிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்கப் பழகியவர். ஆசிரியர் அப்படி இல்லை. தினமும் பிள்ளைகள் மேலே வந்து இடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இடுப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் 16 வயதுப் பையன்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவில் புகுந்து பிரிப்பது ஆசிரியர்தான். இடுப்பில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு அந்தச் சண்டைக்குள் போவதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் உருண்டு புரண்டு பழக வேண்டும்.

மனநலப் பரிசோதனையை ஃப்ளோரிடா, டெக்சாஸ், டென்னசி மூன்றும் சட்டத்திலேயே கேட்கின்றன. ஃப்ளோரிடாவில் போதைப்பொருள் சோதனையும் உண்டு. இந்தப் பரிசோதனைகள் வெளிப்படையான சிக்கல் உள்ளவரை வடிகட்டும். நெருக்கடியில் யார் உறுதியாக நிற்பார், யார் உறைந்துபோவார் என்று முன்கூட்டியே சொல்லாது. எங்கள் படையிலும் அதைச் சொல்லும் பரிசோதனை கிடையாது. மீசை முறுக்கியவன் பதறியதையும் வாயே திறக்காதவன் அசையாமல் நின்றதையும் பயிற்றுநர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

24 மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? நல்ல பயிற்றுநர் கிடைத்தால், ஏற்கெனவே துப்பாக்கி பழகியவருக்குப் பாதுகாப்பு விதிகளைப் பதிய வைக்கலாம். ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) எடுத்து 7 மீட்டரில் அட்டையில் சுடவைக்கலாம், தோட்டா சிக்கினால் சரிசெய்யச் சொல்லிக்கொடுக்கலாம், ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை கட்டப் பழக்கலாம். தேர்வில் தேறுவார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையில் ஏறியது தங்காது. மாதக்கணக்கில் தொடாவிட்டால் முதலில் போவது வேகம், அடுத்தது விசையை நடுங்காமல் இழுக்கும் பதம். வருடத்துக்கு 8 மணி நேரம் என்பது மறந்ததை நினைவுபடுத்தத்தான் ஆகும், வளர்க்க ஆகாது. ஆரம்பப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, மாதத்துக்கு எத்தனை தோட்டா சுடுகிறார், வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில் எடுத்துப் பிடிக்கும் பயிற்சி செய்கிறாரா என்று கேட்டால் எனக்கு அதிகம் புரியும்.

அட்டையில் சுடுவதற்கும் ஆளைப் பார்த்துச் சுடுவதற்கும் உள்ள தூரத்துக்கு ஓர் உதாரணம். நியூயார்க் போலீசின் துப்பாக்கிச் சூடுகளை ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2008-இல் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டதில் இலக்கில் பட்டது சராசரியாக 18 சதவீதம். எதிராளி சுடாதபோதுகூட 30 சதவீதம்தான். இவர்கள் முழுநேரப் போலீஸ்காரர்கள். 2012-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை இரண்டு போலீசார் 16 தோட்டாக்களில் வீழ்த்தினார்கள். வழியில் போனவர்கள் 9 பேர் காயமடைந்தார்கள், எல்லாமே போலீஸ் தோட்டாவாலும் அது சிதறியதாலும் வந்த காயம். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்திருக்கும் பள்ளி நடைபாதையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நெருக்கடியில் பார்வை குறுகும், காது அடைக்கும், விரல் சொன்னபடி கேட்காது. இதெல்லாம் உறுதியான விஷயம், நானே கண்டது. ஆனால் 'இதயத்துடிப்பு 145-ஐத் தாண்டினால் இது போகும், 175-ஐத் தாண்டினால் அது போகும்' என்று பயிற்சி வகுப்புகளில் காட்டும் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஆள் மாறும் விஷயத்துக்கு அவ்வளவு துல்லியமான கோடு போட ஆதாரம் போதாது. அதேபோல மணி நேரத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் பயிற்சி பெற்ற காவலர்கள் 376 பேர் வந்தும், கொலைகாரன் இருந்த அறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போய்விட்டார்கள். அங்கே குறைந்தது தலைமை. சுடத் தெரியாமல் யாரும் வெளியே நிற்கவில்லை.

இனி நான் அதிகம் யோசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி வருடத்துக்குச் சுமார் 180 நாள் நடக்கிறது. ஆயுதம் ஏந்தும் ஆசிரியரின் பணிக்காலம் முழுவதும் கொலைகாரன் வராமல் போகவே வாய்ப்பு மிக அதிகம். துப்பாக்கி மட்டும் அந்த 180 நாளும் கட்டடத்துக்குள் இருக்கும். ஆனால் கொலைகாரன் வரக்கூடிய அந்த ஒரு நாளைக்காகவே பயிற்சித் திட்டங்கள் போடப்படுகின்றன. செய்தியில் வந்த விபத்துகளைப் பாருங்கள். 2014-இல் யூட்டாவில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் துப்பாக்கி கழிப்பறையில் தவறி வெடித்தது, பீங்கான் சிதறி அவர் காலிலேயே காயம். 2016-இல் பென்சில்வேனியாவில் ஓர் ஆசிரியை கழிப்பறையில் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வந்தார், பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். 2023-இல் டெக்சாஸின் ஒரு சிறிய ஊரில் பள்ளிக் கண்காணிப்பாளரே கழிப்பறையில் விட்டுவிட்டார், அதைப் பார்த்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மூன்றும் கழிப்பறை. காரணம் புரியாத விஷயமில்லை. பெல்ட்டைத் தளர்த்தினால் ஹோல்ஸ்டர் தொங்கும், துப்பாக்கியை எடுத்து எங்காவது வைப்பார்கள், வைத்தது மறந்துபோகும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சுடுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்துக் கழிப்பறைக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அதிக நன்மை.

எங்கள் படையில் ஆயுதம் 'கோத்'தில், அதாவது ஆயுதக் கிடங்கில், இருக்கும். டூட்டிக்குப் போகும்போது ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குவோம், தோட்டாவை எண்ணி வாங்குவோம், திரும்பும்போது எண்ணிக் கொடுப்போம். கைத்துப்பாக்கியை லேன்யார்ட் கயிற்றால் உடம்போடு கட்டியிருப்போம். இவ்வளவு செய்தும் விபத்து நடந்ததுண்டு. பள்ளியில் காலையில் வாங்கி மாலையில் திரும்பப் பெற யாரும் இல்லை. ஆசிரியர் அதை வீட்டிலிருந்து காரில் கொண்டு வந்து, நாள் முழுக்கச் சட்டைக்குள் மறைத்து, திரும்பக் கொண்டு போகிறார். டெக்சாஸின் மார்ஷல் திட்டத்தில் ஆரம்பத்தில், மாணவர்களோடு நேரடியாகப் பழகுபவர் அதைப் பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று இருந்தது. அவசரத்துக்கு எடுக்க நேரமாகும் என்று பிற்பாடு தளர்த்தினார்கள். தொடக்கப் பள்ளிக்கு விரல்ரேகைப் பூட்டுப் பெட்டியே மேல் என்பது என் கருத்து. அதை ஏற்காத நல்ல பயிற்றுநர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்து சேரும் போலீசுக்குத் தெரிவது சாதாரண உடையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவர் மட்டுமே. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடா நகரில் கொலைகாரனை ஒரு பொதுஜனம் சுட்டு வீழ்த்தினார். அடுத்து வந்த போலீஸ் அதிகாரி அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டார், அவர் இறந்தார். ஆசிரியருக்கு அடையாளப் பட்டையோ சட்டையோ இருக்கிறதா, உள்ளூர் போலீசோடு சேர்ந்து ஒத்திகை நடந்ததா என்பதெல்லாம் இதனால்தான் முக்கியம்.

இதெல்லாம் சேர்ந்து பள்ளியைப் பாதுகாப்பாக்குகிறதா? நேர்மையான பதில், நிரூபணம் இல்லை என்பதுதான். ஆயுதம் ஏந்திய ஊழியர்களை அனுமதிக்கும் சட்டங்களின் விளைவு பற்றித் தங்கள் தரத்துக்குத் தேறும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று, துப்பாக்கிக் கொள்கை ஆய்வுகளைத் தொகுத்த ரேண்ட் குழு சொன்னது. 2021-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழில் வந்த ஆய்வு 1980 முதல் 2019 வரையிலான 133 சம்பவங்களைப் பார்த்தது. ஆயுதக் காவலர் இருந்த இடங்களில் சாவு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது என்றது. ஆனால் அது காவலரைப் பற்றியது, ஆசிரியரைப் பற்றியது அல்ல. காவலர் இருந்ததால்தான் கூடியது என்றும் அதிலிருந்து சொல்லிவிட முடியாது. நல்லதற்கும் உதாரணம் உண்டு. 2016 ஜனவரியில் பாகிஸ்தானின் சார்சத்தா பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதிகள் புகுந்தபோது, வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். மாணவர்கள் தப்ப அவகாசம் கிடைத்தது, அவர் உயிர் போனது. அதே மாகாணத்தின் ஸ்வாத் பகுதியில் 2015-இல் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறி வெடித்து ஒரு மாணவன் இறந்தான். ஷெரிஃப் வந்து சேர அரை மணி நேரம் ஆகும் டெக்சாஸ் கிராமத்துக்கு ஆயுத ஆசிரியர் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. போலீஸ் சில நிமிடத்தில் வந்துவிடும் புறநகரில் அதே வாதம் பாதி பலம்தான்.

சரி, உங்கள் பையன் விஷயம். இந்த அறிவிப்பு ஒன்றுக்காக நான் பள்ளியை மாற்ற மாட்டேன். நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் சில கேள்விகள் அனுப்புவேன். யார் யார் என்று பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மாவட்டம் எதையாவது கேட்கிறதா, மனநலப் பரிசோதனையும் மருத்துவரின் சான்றும் உண்டா, வருடத்தில் எத்தனை தடவை சுட்டுக் காட்ட வேண்டும், தேறாவிட்டால் அன்றே துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுவார்களா, உடம்பில் வைக்கிறார்களா பெட்டியிலா, உடம்பில் என்றால் பிடுங்க முடியாதபடி பூட்டும் ஹோல்ஸ்டர் கட்டாயமா, கழிப்பறைக்கு என்ன விதி, போலீசோடு ஒத்திகை எப்போது நடந்தது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியுமா என்று கேளுங்கள். காப்பீடு வெறும் சம்பிரதாயம் அல்ல. கன்சஸ் மாநிலம் 2013-இல் அனுமதி கொடுத்தபோது, அங்கே பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குக் காப்பீடு தந்த நிறுவனம் ஆயுதம் ஏந்தும் ஊழியர் உள்ள பள்ளிக்குக் காப்பீடு தர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. கூடுதல் பயிற்சி கேட்க மாவட்டத்துக்கு அதிகாரம் இருக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அதை இந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். எங்கள் கையில் எதுவும் இல்லை, மாநில விதி இது என்ற பதில் வராது.

அப்புறம் பையனிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். பள்ளியில், நண்பன் வீட்டில், பூங்காவில், எங்கே துப்பாக்கி கண்ணில் பட்டாலும் தொடாமல் அந்த இடத்தை விட்டு விலகி, பெரியவர் யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுத்தால் பாராட்டுவார்கள் என்று நினைத்துக் கையில் எடுக்கும் வயது அது. அதனால் ஒரு தடவை சொன்னால் போதாது, நாலைந்து தடவை சொல்லுங்கள்.